மதுக்கரைக் கிளி

அந்தக் கிளி தானாக எதுவும் பேசாது. பேட்டரியில் ஓடும் பச்சைப் பொம்மை அது. எதிரில் யாராவது ஏதாவது சொன்னால், இரண்டு நொடி கழித்து அதையே கீச்சுக் குரலில் திருப்பிச் சொல்லும். அதன் படிப்பு அவ்வளவுதான். அதனால்தான் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, கூடத்தில் யாருமே வாயைத் திறக்காதபோது, அதன் அலகுக்குள் பச்சை விளக்கு எரிந்து "தண்ணி" என்று அது சொன்னதும், சாய்ப்ரியா பாதி மடித்த துண்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று நினைத்தாள். மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது, சமையலறையிலிருந்து ஆறிப்போன பருப்பின் வாசனை வந்தது, நான்கு மாடிக்குக் கீழே யாரோ காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கார்ச் சத்தத்தைத் திருப்பிச் சொல்லியிருந்தால்கூட நியாயம். கிளி அதை விட்டுவிட்டு 'தண்ணி'யைப் பிடித்துக்கொண்டது. இந்த வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். தண்ணீருக்கு 'நீள்ளு' என்றுதான் சொல்வார்கள். கிளியின் முன்னால் உட்கார்ந்திருந்தது அவள் மகள் சித்திகா. சித்திகா எந்த மொழியிலும் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை.

அவளுக்கு மூன்றேகால் வயது. காது நன்றாகக் கேட்கிறது, கூப்பிட்டால் திரும்புகிறாள். வாய் மட்டும் திறப்பதில்லை. ஜூனில் எல்கேஜி சேர்க்க வேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா, "செல்போனை எடுத்து வெச்சிருங்க. நம்ம சொல்றதுக்குப் பதில் சொல்லிப்போட்டு அப்புறம் காத்திருக்கற மாதிரி பொம்மை இருந்தா வாங்கிக் குடுங்க" என்று சொன்னார். அன்றிலிருந்து சாய்ப்ரியாவுக்குச் சோறு தண்ணி எல்லாம் பொம்மைதான். அவள் கணவன் ஹர்ஷா கணபதிப் பகுதியில், இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் சூப்பர்வைசர். கலெக்டர் பரீட்சைக்குக்கூட யாரும் இப்படி விழுந்து விழுந்து படிக்க மாட்டார்கள் என்று அவளைக் கேலி செய்தான்.

அவள் நோட்டே போட்டு வைத்திருந்தாள். எழுத்துப் பலகை, பேசும் பேனா, மிருகச் சத்தம் போடும் புத்தகம் எல்லாவற்றுக்கும் மார்க் போட்டிருந்தாள். பாதிப் பொம்மைகள் அமெரிக்காக்காரன் மாதிரி பேசின; மீதி டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரி பேசின. நோட்டின் முதல் வரியில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு ஒரு விதி எழுதியிருந்தாள்: பேட்டரி மூடிக்குத் திருகாணி இருந்தே ஆக வேண்டும். இந்தப் பொம்மைகளில் போடுவது சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டப் பேட்டரி. குழந்தை அதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் தொண்டைக்குழாயைப் பொசுக்கிவிடும் என்று அவள் படித்திருந்தாள். படித்த அன்று இரவு அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த விதியை அவளேதான் மீறினாள்.

போன சனிக்கிழமை, தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மதுக்கரையில் ஒரு வீட்டில் பையனுடைய நல்ல பொம்மைகளைச் சும்மாவே தருகிறார்களாம். சித்திகாவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனாள். பக்கத்துச் சிமெண்ட் ஆலையின் தூசி படிந்த வேப்பமரம், அதன் பின்னால் வெள்ளை வீடு. வாசலில் கோலம் இல்லை. ஆனால் செருப்புகள் இருந்தன. பதினைந்து இருபது ஜோடி, சுவரோரமாக, எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத் தூசி. அவற்றின் நடுவில் ஒரு ஜோடி சின்ன நீல ரப்பர் செருப்பு, ஒன்றில் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தது. சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு நித்யஸ்ரீ என்று பெயர். தலை வாராமல், கண் சிவந்து, சளி பிடித்தவள் மாதிரி இருந்தாள். முன்னறையிலேயே பொம்மைகளைப் பரப்பி வைத்திருந்தாள்.

"உங்க பையன் வெளையாடறதில்லீங்களா?" என்று சாய்ப்ரியா கேட்டாள்.

"இனி வெளையாட மாட்டானுங்க" என்றாள் நித்யஸ்ரீ.

வளர்ந்துவிட்டான் போல. சாய்ப்ரியா ஒவ்வொரு பொம்மையாகக் கவிழ்த்துத் திருகாணி இருக்கிறதா என்று பார்த்தாள். அப்போதுதான் சித்திகா கையை நீட்டினாள். பீரோவின் மேலே, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஒரு பச்சைக் கிளி. பிறந்ததிலிருந்து சித்திகா எதையும் சுட்டிக் காட்டியதில்லை. சாய்ப்ரியாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அது வேண்டாங்க" என்றாள் நித்யஸ்ரீ. "அது வந்து... ரிப்பேருங்க."

"பரவால்லீங்க, எங்க ஊட்டுக்காரரு ஃபவுண்டரிலதானுங்க இருக்காரு. பாத்துக்குவாரு. பாப்பா மொதோ தடவையா ஒண்ணு வேணும்னு காட்டுறாளுங்க. வேண்டாம்னு சொல்லாதீங்க."

நித்யஸ்ரீ அசையவில்லை. உள்ளறையிலிருந்து ஒரு வயதானவர் குரல் வந்தது. "குடுத்துப்போடு கண்ணு. அது இந்த ஊட்டுல இருக்க வேண்டாம்."

கிளியின் வயிற்றில் மூடிக்குத் திருகாணி இல்லை. பழுப்பு டேப்பை நாலைந்து சுற்றுச் சுற்றியிருந்தார்கள். சாய்ப்ரியா அதைப் பார்த்தாள். ஹர்ஷா ஒரு திருகாணி போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கிளம்பும்போது, கொங்குநாட்டில் பிறந்த யாரும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். இங்கே யாரும் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. "அப்ப வாரேனுங்க" என்றாள். குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டி, "பாப்பா, நீயும் வாரேன்னு சொல்லு" என்றாள். பதிலுக்கு 'வாங்க' என்று ஒரு வார்த்தை வர வேண்டும். வரவில்லை. உள்ளறையில் பேச்சு சட்டென்று நின்றது. நித்யஸ்ரீ கதவைப் பிடித்தபடி குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன மனிதர்களோ, ஒரு மரியாதை தெரியவில்லை என்று சாய்ப்ரியா ஆட்டோவில் முனகிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் டேப்பைப் பிரித்து மூன்று புதுப் பேட்டரி போட்டு மறுபடி சுற்றினாள். ஞாயிறும் திங்களும் நன்றாகத்தான் போயின. அவள் தெலுங்கில் "ரா தல்லி", வா கண்ணே, என்பாள், கிளியும் "ரா தல்லி" என்று கூப்பிடும், சித்திகா அதன் அலகையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஹர்ஷா திருகாணியை மறந்துவிட்டு வந்தான். நாளைக்கு என்றான். மறுநாளும் நாளைக்கு என்றான்.

செவ்வாய்க்கிழமைதான் 'தண்ணி' வந்தது.

புதன்கிழமை காலை ஜன்னல்களைச் சாத்தினாள். மின்விசிறியையும் நிறுத்தினாள். வியர்வை கழுத்தில் வழிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் மட்டும் கேட்கிற அந்தக் கூடத்தில் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து கிளியையே பார்த்தாள். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு விளக்கு எரிந்தது. "தொண்டை எரியுது" என்றது கிளி.

தானாகப் பேசாத பொம்மை. கேட்டதைத்தான் சொல்லும். அப்படியென்றால் இந்த அறையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் காதுக்கு எட்டாத குரல், அதன் காதுக்கு எட்டுகிறது. அவள் சட்டென்று மகள் பக்கம் திரும்பினாள்.

சித்திகா கிளியைப் பார்க்கவில்லை. கிளிக்குப் பக்கத்தில், வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைவிட ஒரு சாண் உயரமான யாரையோ பார்ப்பதுபோல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். தலையை ஆட்டினாள். சிரித்தாள்.

சாய்ப்ரியா கிளியை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சித்திகா அழுதாள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, அலமாரிக் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். வியாழக்கிழமை மத்தியானம் ஹர்ஷா ஃபோனில் எரிந்து விழுந்தான். பொம்மைக்குப் பயந்து பிள்ளையைப் பட்டினி போடுவாயா என்றான். எடுத்துக் கொடுத்தாள். டேப்பை மட்டும் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

சாயங்காலம் ஆறு மணி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து பால்கனித் துணிகளைப் படபடவென்று அடித்தது. மண்வாசனையோடு கூடவே, மழைக்கு முன்னால் வராத ஒரு வாசனை, அந்த மதுக்கரை வீட்டு வாசலில் அடித்த, பொடித்த சுண்ணாம்புக் கல் போல வறண்ட வாசனை, மூக்கில் ஏறியது. வீட்டுக்குள் சிக்னல் சரியாக வராது. பால்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, வாட்ஸ்அப் செய்தியில் இருந்த நம்பரில் நித்யஸ்ரீக்கு ஃபோன் போட்டாள். கண்ணாடி வழியே குழந்தை தெரிந்தாள். இருட்டிக்கொண்டு வந்த கூடத்தில் கிளியோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, நான் சனிக்கெழமை பொம்மை வாங்கிட்டுப் போனவங்க. ஒண்ணு கேக்கணுங்க. உங்க பையன் எங்கீங்க?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"உதய்னு பேருங்க" என்றாள் நித்யஸ்ரீ. "அஞ்சு வயசு. நீங்க வந்தீங்கல்லங்க, அன்னைக்குப் பதினோராவது நாள்."

சாய்ப்ரியா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கோலமில்லாத வாசல். அத்தனை செருப்புகள்.

"தொண்டை எரியுதுன்னானுங்க. சளின்னு நெனச்சுப்போட்டோம். பாலுல பனங்கற்கண்டு போட்டுக் குடுத்துட்டே இருந்தேன். தண்ணி தண்ணின்னான். அந்தக் கிளியோட பேட்டரியை முழுங்கியிருக்கான்னு ரெண்டு நாள் கழிச்சுத்தானுங்க தெரிஞ்சுது. நான்தானுங்க அவனுக்கு அந்தக் கிளியை வாங்கிக் குடுத்தேன்."

"ஏனுங்க அதை எனக்குக் குடுத்தீங்க? எம்பொண்ணு இருக்கறாளேங்க!"

"வேண்டாம்னுதானுங்க சொன்னேன்." குரல் உடைந்தது. "நீங்க வாரேன்னு வேற சொல்லிப்போட்டீங்க. எழவு ஊட்டுல அப்படி யாருங்க சொல்லுவா? சொல்லாமத்தானுங்க எந்திரிச்சுப் போவாங்க. பாப்பாவையும் சொல்லச் சொன்னீங்க."

"எனக்குத் தெரியாதுங்களே..."

"உங்களுக்குத் தெரியாதுங்க. அவனுக்கும் தெரியாதுங்களே. கொழந்தைங்க. வாரேன்னா வருவாங்கன்னு காத்துட்டிருப்பான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சை விளக்கு எரிந்தது.

சாய்ப்ரியா கதவைத் தள்ளினாள். உள்ளிருந்து காற்று எதிர்த்து அழுத்தியது. மறுபடி தள்ளினாள். திறந்தது. கூடத்தில் சுண்ணாம்பு வாசனை.

"எப்ப வருவே?" என்றது கிளி.

சித்திகா சுவரை அண்ணாந்து பார்த்தாள். உதடு பிரிந்தது. தொண்டையில் ஏதோ உருண்டது.

"வாரேன்" என்றாள்.

அவளுடைய முதல் வார்த்தை. தெளிவாக, அழகாக, மெல்லிய குரலில். இத்தனை நாள் கோயில் கோயிலாக அலைந்து கேட்டது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சாய்ப்ரியாவின் உடம்பெல்லாம் சந்தோஷம் பாய்ந்தது. அந்த நொடிக்காகத் தன்னை அவளால் என்றைக்கும் மன்னிக்க முடியாது.

பிறகு தரையைப் பார்த்தாள்.

டேப் பிரிந்து கிடந்தது. சுருள் சுருளாக. குழந்தைக் கையால் பிரித்தது. கிளியின் வயிறு திறந்திருந்தது. மூன்று குழி. முதல் குழியில் பேட்டரி. இரண்டாவதில் பேட்டரி.

மூன்றாவது காலி.

"சித்திகா! வாயைத் திற! திறம்மா!"

விரலை விட்டுத் துழாவினாள். நாக்கு. பல். எச்சில். இரும்பு போலக் குளிர்ந்த ஓர் ஈரம். வேறொன்றுமில்லை. சோபாவுக்கு அடியில் பார்த்தாள். தரைவிரிப்பைப் புரட்டினாள். இல்லை. குழந்தையைக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். குழந்தை இருமவில்லை. அழவில்லை. ஒரு கையை மட்டும் மேலே தூக்கி வைத்திருந்தாள். யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல விரல்கள் மடங்கியிருந்தன.

ஒரு பேட்டரி இல்லாவிட்டாலும் பொம்மை பேசாது. ஆனால் அலகில் விளக்கு எரிந்தது.

"தண்ணி" என்றது கிளி. கீச்சுக் குரலில் இல்லை. சற்று முன் கேட்ட அதே மெல்லிய குரல். சித்திகாவின் குரல். குழந்தையின் வாய் அசையவே இல்லை.

ஆஸ்பத்திரி. இரண்டு மணி நேரம். இன்னும் நேரம் இருக்கிறது. குழந்தையைத் தோளில் போட்டாள். ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். கதவைத் திறந்தாள்.

வராந்தாவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் இல்லை.

செருப்புகள் இருந்தன. பதினைந்து, இருபது ஜோடி. அவள் வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும், சுவரோரமாக, எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத் தூசி. அவற்றின் நடுவில், ஊக்குக் குத்திய சின்ன நீலச் செருப்பு. அதை ஒட்டினாற்போல், வீட்டுக்குள் ஸ்டாண்டில் இருக்க வேண்டிய சித்திகாவின் ரோஸ் நிறச் செருப்பு. இரண்டு ஜோடியும் வெளிப்பக்கம் பார்த்து, கிளம்பத் தயாராக, வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.