துளசிமணியின் பத்து மணி நேரம்

உச்சமன்றத்தின் தலைமை நீதிபதி கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுவதற்குள், திருப்பூரின் கடைவீதி ஒலிபெருக்கிகள் எல்லாம் தாமாகவே வாயை மூடிக்கொண்டன. பாட்டு பாதியில் நின்றதும் ஒரு டீ மாஸ்டர் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். கடைக்கு வெளியே கேட்கும்படி பாட்டுப் போடக் கூடாது என்று இப்போதுதான் தீர்ப்பு வந்ததாக யாரோ சொன்னார்கள். "அதானே பாத்தேன், காலைல நல்லாத்தான பாடுச்சு" என்று அவர் மறுபடியும் டீ ஆற்றப் போய்விட்டார்.

அடுத்த தீர்ப்பு அடுக்குமாடி வீடுகளைப் பற்றியது. நாயோடு வருகிறவர்களை லிஃப்டில் ஏற்றமாட்டோம் என்று குடியிருப்போர் சங்கங்கள் போட்ட விதி செல்லாது. அதுவரை நாயைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட லிஃப்டுகள் அந்த நொடியே மரியாதையாகக் கதவைத் திறந்தன. அதற்கடுத்தது பூர்வீக நிலம். வாரிசுகளில் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர்கள் விற்கக் கூடாது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் தங்கச்சியை வசதியாக மறந்துவிட்டுக் கையெழுத்துப் போட வந்த ஓர் அண்ணனின் கையில் பேனா எழுத மறுத்தது.

ஒரு காலத்தில் தீர்ப்பு வரும், பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போடுவார்கள், அதோடு சரி. ஊர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். நெறியிழை வந்த பிறகு அந்தச் சௌகரியம் போய்விட்டது. தலைமுடியைவிட மெல்லிய அந்த இழை, அடுப்புத் திருகிலிருந்து தையல் மெஷின் வரை, மனிதக் கை தொடும் எல்லாப் பொருளுக்குள்ளும் இருந்தது. தொடுவது யார் கை, என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியும். உச்சமன்றம் சொல்வதை நேரடியாகக் கேட்டுக்கொள்ளும், கேட்டபடி அப்போதே நடக்கும். 'கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க' என்ற பேச்செல்லாம் அதனிடம் எடுபடாது.

அன்றைய பட்டியலில் நான்காவது வழக்கு துளசிமணியுடையது.

அவள் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்து டீசர்ட்டுகளுக்குக் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். நூலிலிருந்து துணி நெய்வது, சாயம் ஏற்றுவது, லோடு ஏற்றி இறக்குவது எல்லாவற்றையும் இயந்திரங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. ஊசிமுனையில் துணியை வளைத்துத் திருப்பும் விரலை மட்டும் எந்த இயந்திரத்தாலும் கற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால் ஊரில் பெண்களுக்கு வேலை ஏராளமாகவும், ஆண்களுக்கு வேலை பேருக்காகவும் இருந்தது. துளசிமணியின் கணவர் அங்கமுத்துவுக்குத் தானோடி வேன் ஒன்றில் ஓட்டுநர் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் உத்தியோகம். ஆளில்லாமல் வேன் ஓடக் கூடாது என்று உச்சமன்றம் முன்பொரு முறை சொல்லியிருந்தது. அவரும் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை உட்கார்ந்துவிட்டு வருவார்.

துளசிமணி வழக்குப் போட்டதற்கும் ஒரு பழைய தீர்ப்புதான் காரணம். எந்தத் தொழிலாளியின் கையையும் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று உச்சமன்றம் சொன்னது. அன்று முதல் பத்து மணி நேரம் முடிந்ததும் அவள் மெஷின் தானே நின்று, "இன்றைக்கு உங்கள் உழைப்பு போதும், ஓய்வெடுங்கள்" என்று இதமான குரலில் சொல்லும். கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருக்கும். வீட்டுக்குப் போனால் அடுப்பு எதுவும் சொல்லாமல் எரியும். துவைக்கும் கல்லும், துடைக்கும் துணியும், மாமியாரைக் குளிப்பாட்டும் சொம்பும் எதுவும் சொல்லாது. வேலைக்குக் கிளம்பும் முன் நாலு மணி நேரம், பொழுது சாய்ந்த பின் மூன்று மணி நேரம். அவள் உடம்பு நைந்துபோயிருந்தது. ஒரு நாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் நின்றபடியே தூங்கிப்போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். மறுநாள் நெற்றி வீக்கத்தோடு பக்கத்துத் தெரு வக்கீல் அமிர்தவல்லியின் வீட்டுக்குப் போய்க் கேட்டாள்.

"மெசினுக்கு இருக்கற கரிசனம் அடுப்புக்கு ஏனுங்க இல்ல?"

அமிர்தவல்லி காப்பியை ஓரமாக வைத்துவிட்டு நோட்டைப் பிரித்தாள். பிறகு, "அக்கா, நீங்க வீட்டுல என்னென்ன செய்யறீங்களோ ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள். துளசிமணி சொல்லத் தொடங்கியது வக்கீலின் காப்பி ஆறி ஆடை கட்டியும் முடியவில்லை.

விசாரணையின்போது அரசு வக்கீல் திரையில் தோன்றி, "அன்பினால் செய்வதை வேலை என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்று கேட்டார்.

"அன்புன்னா நல்லதுதானுங்க. அதுல அவரும் கொஞ்சம் செய்யட்டும்" என்றாள் துளசிமணி. நீதிபதிகளில் ஒரு பெண்மணி குனிந்து எதையோ எழுதுவதுபோலச் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

பனியன் கம்பெனி முதலாளிகள் இந்த வழக்குக்கு ஒரு வக்கீலைக்கூட அனுப்பவில்லை. வீட்டுக்குள் நடக்கிற புருசன் பொண்டாட்டி விவகாரம், நமக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டார்கள். துளசிமணியின் முதலாளி சென்னியப்பன் ஒரு படி மேலே போய், தீர்ப்பை எல்லோரும் கேட்கட்டும் என்று தையல் கூடத்தில் பெரிய திரையே வைத்துக்கொடுத்தார்.

"வீட்டில் செய்யப்படும் வேலையும் வேலையே. பத்து மணி நேர வரம்பு அதற்கும் பொருந்தும். இந்த ஆணை இன்றைய நாளுக்கும் சேர்த்து உடனே நடைமுறைக்கு வருகிறது" என்று தலைமை நீதிபதி படித்தார்.

கூடமே எழுந்து கூவியது. செக்கிங் பகுதியிலிருந்து ரெஜினா ஓடிவந்து துளசிமணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். துளசிமணிக்கு அழுகை வரவில்லை. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நாளாகத் தலையில் இருந்த பாரத்தை யாரோ ஒரு கை கொடுத்து இறக்கிவிட்டதுபோல இருந்தது. சென்னியப்பன் கைதட்டிக்கொண்டே வந்து எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

"நம்ம கம்பெனிக்கே பெருமைங் அம்மிணி" என்றார்.

மைசூர்பாகு நெய் விரல்களில் காய்வதற்குள் முதல் மெஷின் நின்றது. விடியும் முன்பே எழுந்து மூன்று பிள்ளைகளுக்கும் சமைத்துக் கட்டிவிட்டு வந்த ஒருத்தியின் மெஷின் அது. "இன்றைக்கு உங்கள் உழைப்பு போதும், ஓய்வெடுங்கள்" என்றது. சென்னியப்பன் ரிப்பேர்காரரைக் கூப்பிடச் சொன்னார். அதற்குள் பக்கத்து மெஷினும் அதையே சொன்னது. பிறகு அடுத்த வரிசை. மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் துளசிமணியின் மெஷினும் நின்றது. இதமான குரல் கூடம் முழுக்க அங்கங்கே ஒலித்து, ஒலித்து, கடைசியில் மின்விசிறிகளின் சத்தம் மட்டும் மிஞ்சியது. இந்த ஊர் பனியன், பெண்கள் வேலைக்கு வந்த நேரத்தில் தைக்கப்பட்டது என்று இத்தனை நாள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே, வீட்டு அடுப்படியிலேயே, அதில் பாதி தைத்தாகிவிட்டது என்று சென்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. மிச்சமிருந்த மைசூர்பாகுத் தட்டைக் கையில் எடுத்தவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

வெயில் இருக்கும்போதே துளசிமணி வீட்டுக்கு வந்தாள். தன் வீட்டு வாசலில் மாலை வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. பழக்கத்தில் நேரே அடுப்படிக்குப் போய்த் திருகைத் திருப்பினாள். அடுப்பு எரியவில்லை.

"இன்றைக்கு உங்கள் உழைப்பு போதும், ஓய்வெடுங்கள்" என்றது.

துளசிமணிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அடுப்பைப் பார்த்தபடியே ஆசை தீர அழுதாள். வேனிலிருந்து திரும்பிய அங்கமுத்து பயந்துபோனார்.

"என்ன ஆச்சு? யாராச்சும் போயிட்டாங்களா?"

"யாரும் போகலீங்க. நாந்தான் செயிச்சுட்டேன்."

அங்கமுத்துவுக்குப் பாதிதான் புரிந்தது. மீதி பசித்தபோது புரிந்தது. அவர் கை பட்டதும் அடுப்பு குபுக்கென்று பற்றிக்கொண்டது. அவர் கணக்கில் அன்றைக்கு ஏகப்பட்ட நேரம் மிச்சமிருந்தது. துளசிமணி நாற்காலியைக் கூடத்தில் இழுத்துப் போட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.

"துளசி, அரிசிக்குத் தண்ணி எவ்வளவு?"

"விரல வெச்சுப் பாருங்க."

"எந்த விரலு?"

தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். காம்பவுண்டுச் சுவர்களுக்கு மேலே ஆண்களின் தலைகள் எட்டிப் பார்த்து, குக்கருக்கு எத்தனை விசில், பெருங்காயம் முதலிலா கடைசியிலா என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டன. தெரு முழுக்கத் தீய்ந்த வாசனை. அங்கமுத்து வடித்த சோறு குழைந்திருந்தது, ரசத்தில் உப்பே இல்லை. படுக்கையிலிருந்த மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மகனை ஏற இறங்கப் பார்த்தாள். "பரவால்ல, பழகிக்குவ" என்றாள். துளசிமணி இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கம்பெனி வேன் வாசலில் வந்து நின்றது. வழக்கமாகத் தெருமுனையில் நின்று இரண்டு ஹாரன் அடித்துவிட்டு, வராதவர்களை விட்டுவிட்டுப் போகிற வேன். இன்றைக்கு சூப்பர்வைசர் நாகமாணிக்கமே இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். இதே நாகமாணிக்கம்தான் போன மாதம், அவள் கொஞ்சம் தாமதமாக வந்ததற்காக நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசாதவர்.

"அக்கா, எந்திரிச்சதுல இருந்து ஒண்ணும் தொடலையில்லீங்க?"

"பல்லு வெளக்குனேன்."

"அது கணக்குல வராதுங்க. வெளக்கமாறு கிளக்கமாறு...?"

"இல்லீங்க."

நாகமாணிக்கம் பெருமூச்சு விட்டார். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சூப்பர்வைசர் இப்படி நின்றுகொண்டிருந்தார். ஆண்களைத் தட்டி எழுப்பியது, தோசைக்கல் சூடானதா என்று தொட்டுப் பார்த்தது, பாத்திரங்களைப் பெண்களின் கை எட்டாத உயரத்தில் வைத்தது எல்லாம் அவர்கள் வேலை. பெண்களின் பத்து மணி நேரம் சேதமில்லாமல் அப்படியே கம்பெனிக்கு வந்து சேர வேண்டும் என்பது சென்னியப்பனின் உத்தரவு. ஆண்களுக்கு இலவசச் சமையல் வகுப்பும் தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். அங்கமுத்து அடுப்படியில் இட்லித்தட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். துளசிமணி டம்ளரைக் கையில் வாங்கிக் காப்பி குடித்தாள். அடுத்தவர் போட்டுக் கொடுத்த காப்பி. கொஞ்சம் கருகலாக இருந்தாலும் தேவாமிர்தம்தான்.

அப்போது மகள் தாரகை பள்ளிச் சீருடையில், விரித்த தலையோடு, சீப்பும் ரிப்பனுமாக வந்து அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

நாகமாணிக்கம் பதறிவிட்டார். "சாமி, சாமி, அப்பாகிட்டக் கொடு கண்ணு. அம்மாவுக்கு நேரம் போயிரும்."

"அப்பா பின்னுனா வைக்கோல் பிரி மாதிரி இருக்குங்க மாமா" என்றாள் தாரகை.

துளசிமணி சீப்பை எடுத்தாள். சீப்பு மெல்லச் சிணுங்கி, "வேலை தொடங்கியது" என்றது. அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வக்கீலிடம் சொன்ன வேலைகளில் இதையும் சேர்த்துச் சொன்னவள் அவள்தான். இதைக்கூடவா சொன்னோம் என்று ஒரு கணம் வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையும் அதுதான். தினமும் வேனின் ஹாரனுக்குப் பயந்து, பிள்ளை 'வலிக்குதும்மா' என்று கத்தக் கத்த, இழுத்து முடிந்து அனுப்பியிருக்கிறாள். எதுவும் கணக்கில் வராத அந்த நாட்களில் இந்தத் தலையை அவள் ஒரு முறையாவது நிதானமாகத் தொட்டிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

இப்போது நடு வகிடு எடுத்தாள். சிக்கை நுனியிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள். கழுத்துக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பது இத்தனை வருஷமாகத் தெரியாமல் போயிற்றே என்று அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது.

நாகமாணிக்கம் தன் மணிக்கட்டில் ஓடும் நேரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் மணிக்கட்டைப் பார்த்தார்.

"அக்கா, அங்க ஏற்றுமதி ஆர்டர் நிக்குதுங்க. ஒவ்வொரு நிமிசமும் மெசின்ல கொறையுமுங்க. மொதலாளி சம்பளத்துல புடிச்சிருவாருங்க."

"புடிச்சுக்கட்டுங்க. உக்காருங்க, காப்பி குடிங்க. ஏனுங்க, இவருக்கு ஒரு காப்பி."

இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, இரண்டு பக்கமும் பூப்போல விரித்துவிட்டாள். நாகமாணிக்கம் பாதிக் காப்பியோடு எழுந்து செருப்பைத் தேடினார்.

துளசிமணி மகளின் தலையைச் சற்றுத் தள்ளி வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பின்னல் நன்றாகத்தான் இருந்தது. ரிப்பனின் நுனியைப் பிடித்து இழுத்து அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் பின்னத் தொடங்கினாள்.