மூன்று பாகை இடப்பக்கம்

ஏழாவது முறையாகச் சௌடேஸ்வரியின் புது வண்டி அவிநாசி சாலையை விட்டு விலகி, இடப்பக்கத்து பேக்கரிக்குள் புகப் பார்த்தது. தேங்காய் பன் அடுக்கிக்கொண்டிருந்த ஆள் தட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, வலது, வலது என்று மனத்துக்குள் கத்தினாள். வண்டி விருப்பமில்லாமல் சாலைக்குத் திரும்பியது.

கத்துவதைத் தவிர வேறு வழியில்லை. எண்ணூர்தியில் ஸ்டீயரிங் கிடையாது. தலை சாய்க்கும் திண்டுக்குள் நாட்டமானி என்று ஒரு கருவி இருந்தது. போக வேண்டிய இடத்தை நினைத்தபடி சாய்ந்துகொண்டால் போதும், மூளையின் அலைகளில் இருந்து நாட்டத்தைப் பிடித்து அதுவே சக்கரங்களைத் திருப்பிக்கொள்ளும். பெயரைக் கேட்டதும், எண்ணூருக்குப் போகிற பஸ் போலிருக்கிறது என்றுதான் கோயம்புத்தூரில் பாதிப் பேர் முதலில் நினைத்தார்கள். இரண்டே வருடத்தில், கையால் வண்டி ஓட்டுகிறவனைக் கையால் துணி துவைக்கிறவனைப் போலப் பரிதாபமாகப் பார்க்கும் அளவுக்கு முன்னேறிவிட்டார்கள்.

செய்து விற்றது செந்நெறி ஊர்திகள் நிறுவனம். அதன் அதிபர் தெய்வசிகாமணி ஊரெங்கும் பேனர்களில் கைகூப்பி நின்றார். ‘மனிதன் பொய் சொல்லலாம், அவன் வண்டி சொல்லாது’ என்பது அவர் அருளிய வாசகம். அரசாங்கத்துக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. நேர்மை தேவைப்படும் வேலைகளில் இருப்பவர்கள், அதாவது நில அளவையர்களும் விடைத்தாள் திருத்துகிறவர்களும் கிரிக்கெட் நடுவர்களும், இனி எண்ணூர்தியில்தான் வேலைக்கு வர வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வண்டி ஒரு நாட்ட அறிக்கையை மேலதிகாரிக்கு அனுப்பும். மனச்சாய்வு ஒரு மாதம் தொடர்ந்து இரண்டு பாகையைத் தாண்டினால் பணியிடை நீக்கம். அமைச்சர்களுக்கு விலக்கு உண்டு. அவர்கள் மனம் எப்போதும் மக்களிடமே இருப்பதால் வண்டியில் அளக்க முடியாதாம்.

சௌடேஸ்வரி நில அளவையர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். வண்டி வாங்கிய முதல் நாளிலிருந்து அவள் அறிக்கையில் மூன்று பாகை இடப்பக்கம் என்றே வந்துகொண்டிருந்தது.

“மேடம், வண்டில ஒரு குறையும் இல்லீங்க. வாட்டர் வாஷ் பண்ணி வெச்சிருக்கோம்” என்றான் சர்வீஸ் சென்டரில் ஹரிவர்ஷன். அவனுக்கு ‘நாட்ட ஆலோசகர்’ என்று பதவிப் பெயர். கழுத்தில் டை, கையில் ஸ்பானர் இல்லை.

“தம்பி, வண்டி லெஃப்ட்ல இழுக்குதுன்னு சொன்னேன். அழுக்கா இருக்குதுன்னு சொல்லல.”

“வண்டி இழுக்காதுங்க மேடம். அதுக்குன்னு சொந்தமா ஒரு திசையே கிடையாது. நீங்க நினைக்கறதத்தான் அது செய்யும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “லெஃப்ட் சைடுல உங்களுக்கு… ஏதாச்சும் நாட்டம் இருக்குதுங்களா?”

“என்ன நாட்டம்?”

“பேக்கரின்னு பதிவாகியிருக்குதுங்க. வீட்ல இனிப்புக் கட்டுப்பாடு இருந்தா சில பேருக்கு இப்படி ஆகும்.”

“சூலூர் ரோட்லயும் மூணு பாகை, மருதமலை ரோட்லயும் மூணு பாகை. வழியெல்லாம் பேக்கரியா வெச்சிருக்கான்? மனசு சாய்ஞ்சா ஒரு நாளைக்கு ஒண்ணு, ஒரு நாளைக்கு அஞ்சுன்னு சாயும். இப்படி அளவெடுத்த மாதிரியா சாயும்?”

“சில பேருக்குக் கொள்கை உறுதியா இருக்குமுங்க மேடம்” என்றான் அவன், பாராட்டுகிற தொனியில்.

கையெழுத்துப் போடக் கொடுத்த தாளில் குறைபாடு என்ற கட்டத்துக்கு நேராக எழுதியிருந்தான்: வாடிக்கையாளர் இடப்பக்கம் இழுக்கிறார்.

அடுத்த வாரம் தெய்வசிகாமணி ஒரு கருத்தரங்கில் பேசினார். பின்னால் பெரிய திரையில் ஒரு வரைபடம். “பெயர் சொல்ல மாட்டேன், பண்பில்லை” என்றார். “ஒரு அரசு ஊழியர். ஏழு முறை வண்டியைக் குறை சொன்னார். அம்மா, உள்ளத்தைச் சரி செய்யுங்கள், ஊர்தி தானாகச் சரியாகும் என்று தியானக் கையேடு அனுப்பினேன்.” கூட்டம் கைதட்டியது. பெயர் இல்லைதான். வண்டி எண் மட்டும் அடியில் பளிச்சென்று இருந்தது.

மறுநாள் பணியிடை நீக்க உத்தரவு வந்தது. அதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். ஆனால் இருபத்திரண்டு வருடம் அவள் நட்ட எல்லைக் கற்கள் ஒவ்வொன்றாக ஆட்டம் காணத் தொடங்கின. “சர்வேயரம்மாவே லெஃப்ட்ல மூணு பாகை சாயறவங்களாமா. அப்பொ எங்க தென்னை மரமெல்லாம் பக்கத்துக் காட்டுக்காரன்கிட்டப் போனது இப்படித்தானுங்களே?” என்று ஒருவர் மனுக் கொடுத்தார். அவரைப் பார்த்து நாற்பது பேர் கொடுத்தார்கள். அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டு நின்றாலும் அவள் அளவைச் சங்கிலியை இழுத்தால் வாயை மூடிய ஊர் அது. இப்போது அவள் நடந்துபோனால், இடப்பக்கம் நிற்பவர்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள்.

அன்றைக்கு அவளுக்குள் ஒன்று இறுகியது. வேலை திரும்பக் கிடைத்தால் மட்டும் போதாது. அந்த ஆளின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பத்துப் பேர் முன்னால் சொன்னால் போதாது, ஊரே பார்க்க வேண்டும்.

வேலை இல்லாததால் வேடிக்கை பார்க்க நேரம் கிடைத்தது. லட்சுமி மில் சிக்னலில் நின்று பார்த்தாள். எண்ணூர்திகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் உதடுகளும் லேசாக அசைந்துகொண்டிருந்தன. ஜபம் செய்கிறார்கள் என்று நினைத்து அருகே போனாள். ஒரு கல்லூரி முதல்வர் கண்ணாடியை இறக்கினார்.

“உங்க வண்டியும் இழுக்குதுங்களா சார்?”

“சேச்சே! எனக்கெல்லாம் அந்த மாதிரி மனசு கிடையாதுங்க” என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் பச்சை விழுந்தது. பேச்சில் வலதை நினைக்க மறந்துவிட்டதால் வண்டி நடைபாதையில் ஏறி ஒரு குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

ஊரே இழுத்துக்கொண்டிருந்தது. விடாமல் வலது, வலது என்று முணுமுணுத்து அறிக்கையைச் சமாளித்துக்கொண்டார்களே தவிர, மானத்துக்குப் பயந்து ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவள் தன் அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு, நெடுஞ்சாலையில் செந்நெறித் தொழிற்சாலைக்கு எதிரே முக்காலியை நட்டாள். அந்த இடத்தின் வரைபடம் அவளுக்குத் தெரியும். கிழக்குச் சுவர் மிகச் சரியாக வடக்கு நோக்கி ஓட வேண்டும். கருவி வேறு கணக்குச் சொன்னது. சுவர் மேற்கே மூன்று பாகை திரும்பியிருந்தது. மூன்று முறை அளந்தாள். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அத ஏனுங்க அளக்கறீங்க? அஸ்திவாரம் போட்டப்பவே வாஸ்துக்காரர் வந்து, லேசாத் திருப்பிப் போடுங்க, அப்பத்தான் தொழில் நேராப் போகும்னு சொல்லிட்டாருங்களே.”

மீதியை அங்கே டீ குடிக்க வந்த தொழிலாளர்கள் சொன்னார்கள். கட்டடம் திரும்பியபோது உள்ளே தரையில் போட்ட ஒரு மஞ்சள் கோடும் சேர்ந்து திரும்பியது. ஒவ்வொரு புது வண்டியையும் அந்தக் கோட்டின் மேல் நிறுத்தி, ‘இதுதான் வடக்கு, இதுதான் நேர்’ என்று நாட்டமானிக்குப் பாலபாடம் சொல்லிக் கொடுத்துத்தான் வெளியே அனுப்பினார்கள். நாற்பதாயிரம் வண்டிகள் அப்படியே நம்பிக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டன.

இதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உடனே வெளியே சொல்லவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஐயா ஒரே ஒரு தடவை என் வண்டில உக்காந்து, நேரா ஒரு நூறு மீட்டர் போய்க் காட்டட்டும். அவர் மனசு நேர்னா வண்டியும் நேராப் போகணுமில்லீங்களா?”

தெய்வசிகாமணி பெருந்தன்மையாகச் சிரித்தார். அவர் அதுவரை எண்ணூர்தியில் ஏறியதே இல்லை. தியானத்துக்கு இடைஞ்சல் என்று, பழைய பெட்ரோல் கார் ஒன்றை டிரைவர் வைத்து ஓட்டிவந்தார்.

ஆணையத்தின் பின்புற மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்டார்கள். அவருடைய அன்பர்கள் கோட்டின் இடப்பக்கம் முப்பது அடி பேனர் கட்டியிருந்தார்கள். டிவிக்காரர்கள் கேமராவைத் தூக்கினார்கள். அவர் கண்ணை மூடிச் சாய்ந்தார். வண்டி கிளம்பி, எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், பேனரில் கைகூப்பி நின்ற அவருடைய மீசையைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றது.

சௌடேஸ்வரி சிரிக்கவில்லை. இன்னும் மீதி இருந்தது.

“சொல்லுங்க” என்றார் ஆணையத் தலைவி. “சாய்ஞ்சது வண்டியா, உங்க மனசா?”

வண்டி என்றால் நாற்பதாயிரம் வண்டிகள் திரும்பி வரும். மனசு என்றால் பேனரெல்லாம் இறங்கும். அவர் கேமராக்களைப் பார்த்தார். வியர்வையைத் துடைத்தார்.

“காத்துங்க” என்றார்.

“காத்தா?”

“பாலக்காட்டுக் காத்துங்க. இந்த மாசத்துல பலமா அடிக்கும்.”

அப்போதுதான் சௌடேஸ்வரி தன் அளவைத் தாளை நீட்டினாள். ஆணையத் தலைவி அதைப் படித்து முடிக்கும் வரை மைதானத்தில் எதுவும் அசையவில்லை, காற்று உட்பட.

தீர்ப்பு அவள் கேட்டதற்கு மேலாகவே வந்தது. பணியிடை நீக்கம் ரத்து. கற்கள் நட்ட இடத்திலேயே இருக்கும். எல்லா வண்டிகளுக்கும் உண்மையான வடக்கைக் காட்டி நாட்டமானியைத் திருத்த வேண்டும். பெட்ரோல் காரை விட்டுவிட்டு அதிபரும் தினமும் தன் எண்ணூர்தியில்தான் போக வேண்டும்.

ஆனால் அந்த ஆள் விழவில்லை. வெளியே வந்ததும் மைக்கைப் பிடித்து, “நேர்க்கோடு காட்டித் தந்த என் உடன்பிறவாச் சகோதரி” என்று கைகூப்பினார். பத்தே நாளில் ஊரெங்கும் புதுப் பேனர்: ‘செந்நெறி: இப்போது உண்மையிலேயே நேர்!’ ஒரு பக்கம் அவர், மறுபக்கம் முக்காலியோடு அவள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாவட்டத்தில் அவருக்குத் ‘தவறை ஏற்ற தலைவர்’ என்று விருதும் கொடுத்தார்கள். கற்களைப் பிடுங்கச் சொல்லி மனுக் கொடுத்தவர்கள் இப்போது அவளிடம் வந்து, “பேனர்ல அழகா இருக்கீங்க மேடம்” என்றார்கள்.

திருத்தப்பட்ட வண்டி வந்தது. திங்கட்கிழமை காலை, கணபதியில் தன் வீட்டு வாசலில் அவள் ஏறிச் சாய்ந்து, அலுவலகம் என்று நினைத்தாள். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. பேக்கரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நன்றாகத்தான் சரி செய்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டாள். அந்த ஆளை நேரில் பார்த்தால் என்ன கேட்பது என்று, பத்து நாளாக மெருகேற்றி வந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அலுவலகத் திருப்பம் பின்னால் போயிற்று.

“ஆபீஸ்!” என்றாள். “ஆபீஸ், ஆபீஸ்!” வண்டி காது கொடுக்கவில்லை. முன்பாவது உள்ளே கத்தினால் வளைந்தது. இப்போது நாட்டமானி மிகவும் சுத்தமாக வேலை செய்தது. மேலே மிதக்கிற வார்த்தையை ஒதுக்கிவிட்டு அடியில் கிடக்கிற நாட்டத்தை எடுத்துக்கொண்டது.

ரேஸ் கோர்ஸ் பகுதியில், தெய்வசிகாமணியின் பங்களா இருக்கும் தெருவின் முனையில் நின்றது. அவளுக்கு முன்னால் வரிசையாக எண்ணூர்திகள், பங்களா வாசல் வரைக்கும். அத்தனையிலும் ஆட்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரி முதல்வர் அவளைக் கண்டதும் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பங்களாக் காவலாளி ஒரு சீட்டை நீட்டினார். “டோக்கன் வாங்கிக்கோங்கம்மா. நாப்பத்தி மூணு.”

“எதுக்கு டோக்கன்?”

“தெரியலீங்க. விடியறப்ப இருந்து வர்றாங்க. எல்லாரும் வேற எங்கியோ கிளம்பினோம்னுதான் சொல்றாங்க.”

“உங்க ஐயா இருக்காரா?”

“அத ஏங்கம்மா கேக்கறீங்க? அவரும் ஆபீசுக்குன்னு கிளம்பினாரு. வண்டி கணபதில யாரோ ஒரு சர்வேயரம்மா ஊட்டு வாசல்ல போய் நின்னுட்டு, நகர மாட்டேங்குதாமா. மூணு தடவ போன் பண்ணிட்டாரு.”

சௌடேஸ்வரி டோக்கனை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். முன்னால் இருந்த சிறு திரை ஒளிர்ந்தது. பயணம் முடிந்ததால் வண்டி மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்பியிருந்தது. போன இடம் எது என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

‘மனச்சாய்வு: பூஜ்யம். மாவட்டத்திலேயே மிக நேரான மனம் உங்களுடையது. வாழ்த்துகள்.’

அவள் எதையும் நினைக்கவில்லை என்றுதான் நினைத்தாள். அதற்குள் வண்டி கணபதியை நோக்கித் திரும்பி, வேகம் எடுத்துவிட்டிருந்தது.