மஞ்சள் கயிற்றுச் சட்டி

"மனசு சுத்தமா இருந்தாத்தானே பாரி நல்லா மொளைக்கும்..."

விடிந்ததும் விடியாததுமாக மாமியார் ராசாத்தி ஆரம்பித்துவிட்டாள். இருட்டறை வாசலில் நின்றபடியே செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். இரண்டு முளைப்பாரிச் சட்டிகள். ஒன்றில் பயிர் முழ உயரத்துக்கு நெருக்கமாக நின்றது. மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொட்டை விழுந்திருந்தது. சொட்டை யாருடையது என்று அவள் பார்க்கவே இல்லை. மருமகளுடையதுதான், வேறு யாருடையதாக இருக்கும்?

"ஒன் சட்டி கோயிலுக்கு வரவேணாம். தெருவே சிரிக்கும்."

சொர்ணவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. புருஷன் விக்ரம் இந்த வருடமாவது குவைத்திலிருந்து லீவில் வரவேண்டும் என்று நேர்ந்துகொண்டு, பத்து நாள் விரதமிருந்து வளர்த்த பாரி. இந்த வீட்டில் எப்போதும் இப்படித்தான். நாத்தனார் அருணா குழம்பைக் கரியவிட்டால், பாவம், அவளுக்கு போன் வந்துவிட்டது. சொர்ணவல்லி கரியவிட்டால் அது வளர்ப்பு.

பத்து நாளும் இருட்டில் தடவித்தான் தண்ணீர் தெளித்திருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சட்டிகளை வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தாள். சொட்டைச் சட்டியின் கழுத்தில் மஞ்சள் கயிறு. அவள் கட்டியது சிவப்பு. மஞ்சள் மாமியாருடையது!

ராசாத்தி கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"முட்டு வலிடி... குனிஞ்சு தண்ணி தெளிக்க முடியல. நாலு நாளா உள்ளயே போகல. ஒன்னைய ஊத்தச் சொல்லலாம்னா, எப்படி வாய்விட்டுக் கேக்குறது?"

சொர்ணவல்லிக்குச் சுருக்கென்றது. அந்த நாலு நாளைத்தான் அவள் தன் அம்மாவிடம் போனில் 'திமிரு' என்று சொல்லியிருந்தாள். வலியாக இருக்கும் என்று அவளுக்கும்தான் தோன்றவில்லை.

அதற்குள் கோயிலுக்குப் பாரி எடுத்துப் போகும் பெண்களின் குலவைச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு சுடர்விழி எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு பாரி, இப்படிக் கெடக்கு?"

மாமியாரின் முகம் வெளிறியதைச் சொர்ணவல்லி பார்த்தாள். நேர்த்திக்கடன் போனால் போகிறது.

"என்னதுதான்."

"அதானே. மனசு எப்படியோ அப்படித்தானே வரும்."

ராசாத்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அவ மனசுக்கு என்னடி கொறச்சல்? அது என் சட்டி."

"ஒங்களதா பெரியம்மா? அப்ப வெதை சொத்தையா இருந்திருக்கும்."

"ரெண்டு சட்டிக்கும் ஒரே வெதைதான். நான் தண்ணி ஊத்தல. அம்புட்டுதான்." சொட்டைச் சட்டியைத் தூக்கிச் சுடர்விழியின் கையில் திணித்தாள். "நீ இதத் தூக்கிட்டு வா."

பிறகு சிவப்புக் கயிற்றுச் சட்டியைத் தன் கையாலேயே மருமகள் தலையில் ஏற்றினாள். "போ ஆத்தா... அவன் வந்துருவான்."

தலையில் பாரி இருந்ததால் சொர்ணவல்லியால் அவளைக் கட்டிக்கொள்ள முடியவில்லை. ராசாத்திதான் அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள், பாதி பாசத்துக்கு, பாதி முட்டு வலிக்கு.