வழக்கம்போல் நிறுவவும்

'தளம் இல்லை. நிர்வாகியை அணுகவும்' என்றது திரை. நிர்வாகி யார் என்று செல்வராணி கேட்டாள். 'செல்வராணி' என்று பதில் வந்தது. சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மிதவூரில் இப்போதெல்லாம் யாரும் இப்படி உட்கார்ந்து மாரடிப்பதில்லை. திறன்வில்லை ஒன்றை விழுங்கினால் சற்று நேரத்தில் வேலை மூளையில் படிந்துவிடும். பிறகு அது தெரியாமல் இருந்த நிலையே பிடிபடாது. படிக்கக் கற்றபின் எழுத்தை வெறும் கோடாகப் பார்க்க முடியாதே, அதுபோல.

அவளுடைய கணவர் இருதயராஜுக்கு வில்லை ஒத்துக்கொள்ளாது, வலிப்பு வந்துவிடும். இன்று சாயங்காலப் படகில் அவர் நடுக்கடல் காவல்மேடைக்கு வேலைக்குப் போகிறார். அடுத்த படகு ஆறு மாதம் கழித்துத்தான். அவருடைய இரத்தத்தைச் சுத்திகரிக்கும் பொறியும் கூடவே போகிறது. அது அடிக்கடி மக்கர் செய்யும். எந்த மக்கருக்கு என்ன வைத்தியம் என்பதை, அந்தப் பொறியோடு வாழ்பவர்கள் எல்லோரும் சேர்ந்து கூட்டேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்கிற பொது ஏடு அது. மேடைக்கு வலைத்தொடர்பு எட்டாது என்பதால், கையோடு கொண்டுபோகும் கூட்டேட்டின் நகலை அங்குள்ள கணினியில் அவரே நிறுவிக்கொள்ள வேண்டும்.

எப்படி நிறுவுவது? அதற்கும் ஒரு பக்கம் இருந்தது, வில்லை போட்ட புண்ணியவான்கள் எழுதியது. 'முதலில் தளத்தை வழக்கம்போல் நிறுவவும்' என்று அது ஆரம்பிக்கும். அந்த வழக்கம் என்ன என்று ஒரு பாவியும் எழுதவில்லை.

அதனால்தான் தையல்காரியான செல்வராணி வீட்டுக் கணினியோடு முட்டிமோதி, இடறிய இடத்தையெல்லாம் அவருக்காக எழுதிக்கொண்டிருந்தாள். 'இங்க திரை கறுத்துப்போகும், பயந்து அணைச்சிராதீங்க.' 'கடவுச்சொல் அடிக்கும்போது ஒண்ணுமே தெரியாது. ஆனா உள்ள விழுது.'

"நீயும் ஒரு வில்லையைப் போட்டுற வேண்டியதுதானே?" என்றார் இருதயராஜ், பெட்டியைக் கட்டிக்கொண்டே.

"போட்டா நானும் அவங்கள மாதிரித்தான் எழுதுவேன்."

"அப்ப விட்ரு ராணி. பொறி அதுபாட்டுக்கு ஓடும்."

"போன மாசம் அதுபாட்டுக்கு நின்னுச்சே. கூட்டேட்டைப் பாத்துத்தான ஓட வச்சோம்?"

அவர் பெட்டிக் கயிற்றை இறுக்கினார்.

படகு வரும் நேரம் நெருங்கியது. தளம் இன்னும் இல்லை. அவளுக்குக் கண் எரிந்தது, அழுகையும் வந்தது. இந்த ஒரு படி மட்டும் தெரிந்தால் போதும், மிச்சத்தைத்தான் எழுதியாயிற்றே என்று அலமாரியிலிருந்த வில்லையை எடுத்து விழுங்கினாள்.

வேலை சட்டென்று முடிந்தது. இதற்கா இத்தனை பாடு என்று வெட்கமாக இருந்தது. பிறகு தன் குறிப்பைப் படித்துப் பார்த்தாள். திரை கறுத்தால் யாராவது பயப்படுவார்களா? இவ்வளவு வளவளவென்று இருந்தால் மனிதர் படித்தே களைத்துப்போவார். பாவம், உடம்பு முடியாதவர். வேண்டாததையெல்லாம் அழித்து, ஆசை ஆசையாகச் சுருக்கி, ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

படகில் ஏறி உட்கார்ந்துதான் இருதயராஜ் அதைப் பிரித்தார். படித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"ராணி, முதல்ல வழக்கம்போல்னு போட்டிருக்கியே. அப்படின்னா என்ன செய்யணும்?"

கேலி செய்கிறாரோ என்று கரையில் நின்ற அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை, நிஜமாகத்தான் கேட்கிறார். எது புரியவில்லை என்பது அவளுக்குப் புரியவில்லை.

"அதாங்க," என்றாள் பொறுமையாக, "எப்பவும் செய்யிற மாதிரிதான்."

படகோட்டி கயிற்றை அவிழ்த்தான்.