அசலைக் கேட்டவள்!

"ஐயோ... சார்! நிறுத்துங்க! உள்ள நான் இருக்கேன்!"

வீலென்று அலறினாள் அவள்.

அலமாரி நிற்கவில்லை.

பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளம். ஆவணக் காப்பறை. தண்டவாளத்தின் மேல் நகரும் இரும்பு அலமாரிகள். முனையிலிருக்கும் சக்கரத்தைச் சுழற்றினால் போதும், ஆளை விட உயரமான அலமாரி பொம்மை ரயில் போல வழுக்கிக்கொண்டு போகும். எல்லா அலமாரிகளும் ஒட்டிக்கொண்டு நிற்க, ஓர் ஆள் நுழைய ஒரே ஒரு சந்துதான் மிஞ்சும்.

அந்தச் சந்தில்தான் அவள் இருந்தாள்.

ஒரு முனையில் சுவர். மறுமுனையில் சக்கரம்... அதன் மேல் ஒரு கை.

"சார்... விளையாடாதீங்க!"

"விளையாட்டா?" காப்பாளரின் குரல் சாந்தமாக வந்தது. "கத்தாதம்மா. காகிதம் கெடக் கூடாதுன்னு ஜன்னலே இல்லாம கட்டின ரூம் இது. உன் சத்தம் மேல போகாது."

பழைய கடல் வரைபடங்களைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள் அவள். அட்டைக்கு ஒரு வரைபடம் வேண்டும். நகல் எடுக்கவும் அதை அச்சில் பயன்படுத்தவும் அனுமதி கேட்டுப் பல நாளாக நடையாய் நடந்தாள். காப்பாளர் தேனாகப் பேசுவார். கைபேசியையும் பையையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு, பென்சிலோடு உள்ளே அனுப்புவார்.

நகலும் கிடைத்தது. ஸ்கேன் ஆபரேட்டர் சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுத்தார்.

இன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"நகல்ல கலர் மங்கலா இருக்கு சார். அசலை ஒரு தடவை பாத்துடறேனே?"

"அதுக்கென்ன... வாயேன்!" என்று சிரித்துக்கொண்டே கூட்டி வந்தவர்தான்!

அலமாரி மறுபடி நகர்ந்தது. முதுகில் இரும்பு சில்லிட்டது. தோள்களைக் குறுக்கிப் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். பழைய தோல் அட்டைகளின் நெடி மூக்கில் ஏறியது.

"மூச்சு முட்டுது! உங்களுக்கு என்னதான் வேணும்?"

"உனக்கு எவ்வளவு தெரியும்? அதச் சொல்லு."

"எதப் பத்தி?"

"பச்சப் புள்ள மாதிரி நடிக்காத! அசல் எங்கன்னு கேட்ட. போன வாரம் அத ஸ்கேன் பண்ணவன் பேரு கேட்ட. அந்த ஆபரேட்டர் இப்ப எங்கன்னு கேட்ட..."

"படத்துக்குக் கீழ அவருக்கு நன்றி போடலாம்னு கேட்டேன் சார்!"

"செத்தவனுக்கு எதுக்கு நன்றி?"



"செ... செத்துட்டாரா?"

"படிக்கட்டுல கால் வழுக்கி விழுந்தான்னு ஊரே நம்பிடுச்சு. உங்க ஆளுங்க மட்டும் நம்பல, இல்ல? பழைய காகிதத்துல அவன் அடிச்ச நகலை இங்க வெச்சேன். அசலை வெளிய வித்தேன். எந்தப் பேராசிரியரும் கண்டுபிடிக்கல! கடைசில அவனுக்கு மனசாட்சி முளைச்சுது. மாடி ஸ்கேன் ரூம்ல நின்னுக்கிட்டு, கீழ போய் துணைவேந்தர்கிட்ட சொல்லப் போறேன்னான். சீக்கிரமா கீழ அனுப்பி வெச்சேன்!"

"இதையெல்லாம் எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?"

"நீ திரும்ப ஸ்டேஷனுக்குப் போனாத்தானே?"

"ஸ்டேஷனா? எந்த ஸ்டேஷன் சார்?"

சக்கரம் சட்டென்று நின்றது.

"நீ... போலீஸ்தானே? புதுசா வந்த காவலாளி காலைல போன் பண்ணானே... 'ஆய்வாளர் வந்திருக்காங்க, உங்கள விசாரிக்கறாங்க'ன்னு! புத்தகம், அட்டைன்னு இத்தன நாளா நீ வேஷம் போட்டேன்னு அப்பத்தானே புரிஞ்சுது!"

"ஆய்வாளர்தான் சார்... ஆராய்ச்சி பண்ற ஆய்வாளர்! பிஎச்.டி.!"



"அப்ப... ஆபரேட்டர் விஷயம்... அசல் விஷயம்..."

"நீங்க சொல்ற வரைக்கும் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது!"

"ஐயையோ..." காப்பாளர் முனகினார். பிறகு குரல் இறுகியது. "இப்ப தெரிஞ்சு போச்சே!"

சக்கரம் சுழன்றது!

விலா எலும்பில் இரும்பு பதிந்தது. கை எட்டிய தடித்த தொகுதியொன்றை உருவினாள். சாதாரண நாளில் அதைப் புரட்டவே இரு கைகளிலும் உறை மாட்டுவாள்.

தண்டவாளத்தில் போட்டாள்.

கடக்!

அலமாரி முரண்டு பிடித்தது. சக்கரம் சிக்கிக்கொண்டது.

"என்னத்தடி போட்ட?"

அவர் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றினார். சந்து அகன்றது. மூச்சு வந்தது... அவரும் வந்தார்! குனிந்து, தொகுதியை எடுத்து வெளியே எறிந்தார்.

அதற்குள் அவள் தட்டுகளில் கால் வைத்து ஏறிவிட்டிருந்தாள். அவருடைய கை கணுக்காலைப் பற்றியது. உதைத்தாள். செருப்பு மட்டும் அவர் கையில் தங்கியது.

மேலே கூரைக் குழாய்கள். தூசி. வயிற்றால் ஊர்ந்து சக்கரத்தின் பக்கம் தொப்பென்று குதித்தாள். முழங்கால் சிராய்த்தது. உணரவில்லை.

அவர் திரும்பி ஓடி வருவதற்குள்...

சுழற்றினாள்!

"அம்மா... தாயே... வேணாம்!"

அவருடைய தொந்தியை இரும்பு தொட்டது. அவள் கை இன்னும் ஒரு சுற்றுக்குத் துடித்தது. ஆபரேட்டரை நினைத்தாள். கொஞ்சமாய்ப் பேசி நிறையச் சிரித்த மனிதர்...

கையை எடுத்தாள். சக்கரத்தைப் பூட்டும் கொக்கியை மாட்டினாள்.

"எனக்கு மூச்சு முட்டுதும்மா! அனுமதிதானே வேணும்? இப்பவே தரேன்! எந்தப் படத்த வேணும்னாலும் போட்டுக்கோ!"

"நன்றி சார். உங்க படத்தப் பேப்பர்காரங்களே போட்டுக்குவாங்க."

அவருடைய மேஜையிலிருந்த தொலைபேசியை எடுத்துக் காவல் நிலையத்தைக் கூப்பிட்டாள்.

காக்கிகள் இறங்கி வந்தன. சொன்னதையெல்லாம் கேட்ட இன்ஸ்பெக்டர், சந்துக்குள் டார்ச் அடித்தார். வியர்த்து வழிந்த முகம் கண்ணைச் சுருக்கியது.

"அசல் குற்றவாளி இவர்தானாம்மா?"

"அசலேதான் சார்... தயவுசெஞ்சு இதுக்கு மட்டும் நகல் எடுத்துடாதீங்க!"