அபிகாயிலுக்கு ஒரே ஒரு இலக்கு

அபிகாயில் நடக்கவில்லை. திரையில், தன் அறையின் மூலையில், சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

ஜெபசீலன் எழுந்து மழைக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான். முடிச்சூரில் மழை பெய்தால் தெரு ஏரியாகும். மழை நின்றால் அந்த ஏரியில் கொசு குடியேறும். போன மழையில் அப்படிக் குடியேறிய ஒன்றுதான் அவன் தங்கை அபிகாயிலைக் கடித்தது. ஐந்தே நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

காலேஜ் ப்ராஜெக்டுக்கு ஒரு கேம் வேண்டும் என்றார்கள். அவன் தங்கையைச் செய்தான். வீட்டை டேப் பிடித்து அளந்து, அப்படியே உள்ளே கட்டினான்: அவன் அறை, நடுவே சுவர், அந்தப் பக்கம் அம்மா வெளியே பூட்டுப் போட்டு வைத்திருக்கும் அவள் அறை.

அவள் எப்படி முடிவெடுப்பாள் என்பதில்தான் சிக்கல். பசித்தால் சமையலறை, மணி அடித்தால் வாசல் என்று நிலைமைக்கொரு கட்டளை எழுதிப் பார்த்தான். தங்கச்சி வரவில்லை, காசு போட்டால் திறக்கும் டோல்கேட் வந்தது. மேலிருந்து கீழாகக் கேள்வி கேட்டு இறங்கும் முறையில், எல்லாவற்றுக்கும் அலையவிடும் தாலுகா ஆபீஸ் வந்தது. கடைசியாக, இலக்கை மட்டும் கொடுத்தால் வழியைத் தானே யோசித்துக்கொள்ளும் முறை. யார் பேச்சையும் கேட்காத கழுதைக்கு அதுதான் பொருந்தியது. ஒரே ஒரு இலக்கு கொடுத்தான்.

அண்ணன் பக்கத்தில் இருக்கணும்.

அவள் எடுக்கும் முடிவு தலைக்கு மேலே சிறு எழுத்தில் தெரியும். இப்போது அங்கே இருந்தது: 'வழி இல்லை.'

கூடப் படிக்கும் அனிருத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"கேம்ல அண்ணனே இல்லியே மச்சான், அவ இன்னா பண்ணுவா? இலக்கை மாத்து. துணி மடிக்கணும், கிடிக்கணும்னு ஏதாச்சும் குடு."

"அவ என்னிக்குடா துணி மடிச்சா?"

அனிருத் சிரிக்கவில்லை. "டேய்... வாணாண்டா. மூடி வெச்சிட்டு எங்க வூட்டுக்கு வா. பஜ்ஜி போடுறாங்க."

"அஞ்சு நிமிஷம்டா."

போனை வைத்தவன், அண்ணன் இருக்கும் இடம் என்று தன் நாற்காலியையே வரைபடத்தில் குறித்தான்.

எழுத்து மாறியது. 'சுவரைத் தட்டு.'

கேமுக்கு அவன் இன்னும் சத்தமே சேர்க்கவில்லை. ஆனால் ஆஸ்பெஸ்டாஸில் விழும் மழைக்கும், கடகடக்கும் ஃபேனுக்கும், தூரத்தில் தாம்பரம் நோக்கிப் போகும் ரயிலின் ஹாரனுக்கும் அடியில், அவன் முழங்கைக்குப் பக்கத்துச் சுவரில், விரல் மடக்கித் தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக. மறுபடியும். எலுமிச்சை வாசம் எழுந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், இனி எதற்கென்று தெரியாமலே அம்மா அவள் கால்களில் தடவிக்கொண்டிருந்த கொசு க்ரீம்.

'கதவைத் திற.'

பக்கத்து அறைக் கதவு உலுக்கப்பட்டது. வெளிப்பூட்டு சங்கிலியோடு ஆடியது. ஓய்ந்தது.

'வழி இல்லை.'

நிறுத்த ஒரு பட்டன் போதும். விரல் அதன் மேலேயே இருந்தது. நிறுத்தினால் அவள் இரண்டாம் முறை போவாள்.

"அபி," என்றான். "அழாத."

அவள் திரும்பினாள். திரைக்குள்ளிருந்து அவனை நேராகப் பார்த்தாள். புதிய வழி கிடைத்துவிட்டது. பக்கத்தில் இருக்கணும் என்றுதான் அவன் எழுதியிருந்தான். திரைக்கு எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.

'அண்ணனைக் கூட்டி வா.'

மணிக்கட்டில் ஒரு பிடி. ஈரம். குளிர். மழைச் சத்தம் அறுந்தது. ஃபேன் சத்தமும்.

சுவர்கள் வழவழவென்று இருந்தன. அவன் கட்டிய சுவர்கள். அபிகாயில் பக்கத்தில் நின்றாள், அவன் கையைப் பிடித்தபடி. 'இலக்கு நிறைவேறியது.' இனி அவளுக்கு வேண்டியது எதுவும் இல்லை. அதனால் அசையவில்லை. கண் இமைக்கவில்லை. பிடியும் தளரவில்லை.

எதிரே, திரைக் கண்ணாடிக்கு அப்பால், ஜெபக் கூட்டத்திலிருந்து வந்த அம்மா நனைந்த குடையோடு நுழைந்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள். அவன் கத்தினான். சத்தம் சேர்த்திருக்கவில்லை.

"எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு எங்கடா போய்த் தொலைஞ்ச?"

அவனுக்குக் கேட்காமல் அலுத்துக்கொண்டே குனிந்து, கம்ப்யூட்டர் ஸ்விட்சை நோக்கி அம்மா கையை நீட்டினாள்.