அசோகன் மாமா கவிழ்த்த பானை

அசோகன் மாமாவோடு கிளம்பினால் எந்த ஊருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. வழியில் கூரை இல்லாத ஒரு வீடு கண்ணில் பட்டால் போதும், வண்டி நின்றுவிடும்.

அன்று நாங்கள் பிரம்மதேசத்திலிருந்து மரக்காணம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். சுனாமி வந்த பிறகு, ஒன்றரை வருடமாக அம்மா என்னைக் கடல் பக்கமே விடவில்லை. ஒரு வாரம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தேன்.

"கலைமதி, ஒரு மணிக்கு வீட்டுல இருக்கணும். லேட்டாச்சுன்னா இனிமே கடல் பேச்சே எடுக்கக் கூடாது" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மாமா காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. இடிந்த சத்திரத்தில் அரை மணி நேரம். மூடிப்போன ரைஸ் மில்லில் இருபது நிமிடம். எல்லாவற்றையும் கேமராவில் படம் பிடித்தார். ஃபிலிம் தீர்ந்தால்தான் எனக்கு விடுதலை.

ஒருவழியாக உப்பளம் வந்தது. அங்கே வரப்புகளுக்கு நடுவில், கூரை பாதி விழுந்த ஒரு பழைய ஆபீஸ் கட்டடம். வண்டி தானாகவே மெதுவானது.

"மாமா, வேணாம்!"

"அஞ்சே நிமிஷம், கலை. ஆள் நடமாட்டமே இல்ல பாரு. எத்தனை வருஷமா பூட்டிக் கெடக்குதோ!"

கதவே இல்லாத கட்டடத்தை யார் பூட்டுவார்கள்? நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் பத்து நிமிடம் பேசுவார்.

உள்ளே, மூலையில் ஒரு மண்பானை இருந்தது. அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் ஒரு டம்ளர்.

"நூறு வருஷத்துப் பானை!" என்று மாமா துள்ளினார். "அடியில முத்திரை ஏதாச்சும் இருக்கும்."

"மாமா, அதுல தண்ணி இருக்குது."

"மழைத் தண்ணிம்மா. கூரைதான் ஓட்டையாச்சே."

மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. பானைக்குத் தட்டு வேறு மூடியிருக்கிறது. சுற்றிலும் ஈரச் சாக்கு கட்டியிருக்கிறது. இதையெல்லாம் நான் சொல்வதற்குள் மாமா பானையைக் கவிழ்த்துவிட்டார். தண்ணீர் முழுவதும் தரையில் ஓடியது.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். ஆணிகளில் நான்கு தூக்குவாளிகள் தொங்கின. ஜன்னலுக்கு வெளியே, தலையில் துணி கட்டிய நான்கு பேர் தூரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, இது அவங்க குடிக்கிற தண்ணி!"

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "அய்யய்யோ! சரி, அவங்க வர்றதுக்குள்ள கெளம்பிடலாம். கடலுக்கும் நேரமாச்சுல்ல?"

இப்போதுதான் இவருக்கு நேரம் ஞாபகம் வருகிறது!

எனக்கும் கிளம்பத்தான் ஆசை. வண்டியில் ஏறி உட்கார்ந்தும் விட்டேன். ஆனால் அந்த வெயிலில் என் தொண்டையே காய்ந்திருந்தது. விடியற்காலையிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? இறங்கிவிட்டேன்.

"தண்ணி கொண்டாந்து ஊத்திட்டுத்தான் போகணும். கடல் இல்லன்னாலும் பரவாயில்ல."

சொல்லும்போதே அழுகை வந்தது. மாமா வண்டியைத் திருப்பினார்.

ரோட்டோர டீக்கடையில் இரண்டு குடம் இரவல் வாங்கினோம். பக்கத்திலேயே ஒரு அடிபம்பு இருந்தது. மாமா வேகமாக அடிக்க ஆரம்பித்தார். நான் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துத் துப்பினேன். ஒரே உப்பு.

"தண்ணி தண்ணிதானே?" என்றார் மாமா.

"நீங்க ஒரு வாய் குடிங்க, பாப்போம்."

குடித்தார். உடனே குடத்தைக் கவிழ்த்துவிட்டு, நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று டீக்கடையில் விசாரித்தார்.

நல்ல தண்ணீர்க் குழாய் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே நீளமான வரிசை. விஷயத்தைச் சொன்னதும் எங்களை முன்னால் விட்டார்கள். மாமாவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது மணி பதினொன்றரை. உப்பு வாரிக்கொண்டிருந்த நான்கு பேரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு அக்கா காலிப் பானைக்கு முன்னால் டம்ளரோடு நின்றிருந்தார். மாமா வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"அக்கா, பானையக் கவுத்துப் பாக்குறப்ப நாங்கதான் தெரியாம தண்ணியக் கொட்டிட்டோம். வேற தண்ணி கொண்டாந்திருக்கோம்" என்றேன்.

அவர் பெயர் லூர்துமேரி. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஏம்பா, பானையில என்னாத்தப் பாத்தே?"

"முத்திரைங்க" என்றார் மாமா.

"சந்தையில வாங்கி ரெண்டு மாசம்தான் ஆவுது!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன் பாப்பா மூஞ்சி வாடிக் கெடக்குது?"

"கடலுக்குப் போகணும்னு வந்தோம். இனிமே சுத்திக்கிட்டுப் போக நேரமில்லக்கா."

"ஏன் சுத்தணும்? இந்த வரப்போட நடந்தா சவுக்குத் தோப்பு. தாண்டுனா கடல். வா, நான் கூட்டிட்டுப் போறேன். ஏம்பா, செருப்பக் கழட்டு. உப்பளத்துல செருப்போட நடக்கக் கூடாது."

மாமா சூட்டில் குதித்துக் குதித்து வந்தார். பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

கடல்! ஓடிப்போய் முழங்கால் வரை நின்றேன். அலை வந்து பாவாடை முழுவதையும் நனைத்தது. பத்து நிமிடம்தான், ஆனால் ஒன்றரை வருட ஏக்கம் தீர்ந்தது.

திரும்பும்போது, தோப்பு ஓரத்தில் கூரையில்லாத சுவர்கள் தெரிந்தன. மாமாவின் கை கேமராவுக்குப் போனது.

"அடடா! இந்த வீடு எப்ப பாழாப் போச்சு?"

லூர்துமேரி அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். "அது என் வீடு. இப்பதான் கட்டிக்கிட்டிருக்கோம்!"

நான் மாமாவின் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஊர் போய்ச் சேரும்வரை திருப்பித் தரவில்லை.

குடங்களை டீக்கடையில் கொடுத்ததோடு சரி, வேறு எங்கேயும் வண்டி நிற்கவில்லை. வீட்டு வாசலில் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.